ஐரிஸ் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு: எந்த வகை, எப்படி நடுவது, எப்போது வெட்டுவது

ஐரிஸ் என்பது ஒரு செடியின் பெயர் என்று நினைத்துத் தொடங்கினால் முதல் ஆண்டே ஏமாற்றம்தான். ஏறத்தாழ 300 சிற்றினங்கள் அடங்கிய பேரினம் அது. ஒரு வகை வறண்ட மேட்டு நிலத்தில் கிழங்கின் முதுகு வெயிலில் காய்ந்தால்தான் பூக்கும். இன்னொரு வகை குளத்தோரச் சேற்றில் கால் நனைந்து நின்றால்தான் பூக்கும். ஒன்றுக்குக் கடுங்குளிர் வேண்டும், மற்றொன்று உறைபனியையே பார்க்காமல் வாழும். ஆகவே பூவின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் குளிர்காலத்தையும் தண்ணீரையும் பார்த்து வகையை முடிவுசெய்யுங்கள்; நிறத்தை அதற்குள் தேடிக்கொள்ளலாம். எந்த வகையிலும் நிறத்துக்குப் பஞ்சமில்லை.

இடத்தை அளந்து பாருங்கள்

மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குளிர். உங்கள் ஊரில் ஆண்டுதோறும் பல வாரங்கள் இரவு வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குகிறதா? இறங்கினால் ஏறக்குறைய எல்லா வகையும் கைகூடும். இறங்காவிட்டால் தாடி ஐரிஸ்களில் (தொங்கும் இதழில் மயிர்வரிசை உள்ள கிழங்கு வகை) பெரும்பாலானவை பச்சை இலையோடு நின்றுவிடும்.

இரண்டாவது, வடிகால். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது 3, 4 மணி நேரத்தில் வடிந்துவிட்டால் தாடி ஐரிஸுக்கு ஏற்ற மண். மறுநாளும் தேங்கி நின்றால் ஒன்று மேட்டுப்பாத்தி கட்டுங்கள், அல்லது ஈரம் விரும்பும் வகைக்கு மாறிவிடுங்கள். களிமண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட லூசியானா ஐரிஸை நடுவது எளிது.

மூன்றாவது, வெயில். தினம் 6 மணி நேர நேரடி வெயில் குறைந்தபட்சம். கோடை மிகக் கடுமையான இடங்களில் பிற்பகலில் கொஞ்சம் நிழல் விழுந்தால் கெடுதல் இல்லை. முழு நிழலில் பெரும்பாலான வகைகள் ஒழுங்காகப் பூக்கா.

மண்ணின் பி.எச். அளவையும் சோதித்துவிடுங்கள். தாடி வகைக்கு 6.5 முதல் 7 வரை நல்லது. ஜப்பானிய ஐரிஸுக்கு 5.5 முதல் 6.5 வரை அமிலத்தன்மை வேண்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதன் இலை வெளிறி மஞ்சளாகி, செடி சிறுத்துக்கொண்டே போகும்.

பூவின் அமைப்பு

ஐரிஸ் பூவில் மேல்நோக்கி நிற்கும் மூன்று இதழ்களும் கீழே வளைந்து தொங்கும் மூன்று இதழ்களும் இருக்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்புழு போல மயிர்வரிசை இருந்தால் அது தாடி ஐரிஸ். மயிர்வரிசை இல்லாதவை தாடியில்லா வகைகள். சேவற்கொண்டை போன்ற சிறு முகடு உள்ளவை கொண்டை ஐரிஸ்கள்.

மண்ணுக்குள் இருப்பதை வைத்தும் பிரிக்கலாம். இஞ்சி, மஞ்சள் போலப் படுக்கையாக வளரும் கிழங்குள்ளவை ஒரு பக்கம். சின்ன வெங்காயம் போன்ற குமிழுள்ளவை மறுபக்கம். நடும் ஆழம், பிரிக்கும் காலம், நீர் எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

தாடி ஐரிஸ்

உயரத்தை வைத்து இவற்றுக்கு வகுப்புகள் உண்டு. 20 செ.மீ. வரை மிகக் குள்ளம், 20 முதல் 41 வரை குள்ளம், 41 முதல் 70 வரை நடுத்தரம், 70 செ.மீட்டருக்கு மேல் நெட்டை. குள்ளமானவை முதலில் பூக்கும், நெட்டை கடைசியில். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு செடி வைத்தாலே பூக்கும் காலம் பல வாரங்களுக்கு நீளும். குள்ள வகைகளுக்குக் குளிர் இன்னும் அதிகம் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

தொடங்குபவர்களுக்குப் பழைய, அடிபட்டுத் தேறிய ரகங்களையே சொல்வோம். புது ரகங்களில் இதழ் மடிப்பும் நெளிவும் கூடுதலாக இருக்கும், விலையும் கூடும். ஆனால் செடியின் வலு நிரூபிக்கப்பட்டிருக்காது. வெளிர்நீல ‘ஜேன் பிலிப்ஸ்’, அடர் ஊதா ‘டஸ்கி சேலஞ்சர்’, இளஞ்சிவப்பு ‘பெவர்லி சில்ஸ்’, மேலே மஞ்சளும் கீழே நீலமுமான ‘எடித் வுல்ஃபர்ட்’, வெள்ளைத் தரையில் ஊதாக் கரை போட்ட ‘ஸ்டெப்பிங் அவுட்’ ஆகியவை பல பத்தாண்டுகளாகத் தோட்டங்களில் நிற்பவை. வெள்ளை ‘இம்மார்ட்டாலிட்டி’ இலையுதிர் காலத்தில் இரண்டாம் முறையும் பூக்கக்கூடியது. இரண்டாம் பூப்பு வேண்டுமென்றால் கோடையிலும் அளவாகத் தண்ணீரும் உரமும் தர வேண்டும். மற்ற தாடி வகைகளைப் போலக் காயவிட்டால் அது வராது.

நல்ல சிவப்பு நிறத்தில் தாடி ஐரிஸ் கிடையாது. சிவப்பு என்று விற்பவை செங்கல் நிறமோ கருஞ்சிவப்பு கலந்த பழுப்போ ஆகவே இருக்கும். ரோஜாச் சிவப்பில் படம் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கொய்மலருக்கு நெட்டைத் தாடி ஐரிஸ் சிறந்த தேர்வு அல்ல. பூ பெரிது, தொட்டால் காயம்படும், பெட்டியில் அடுக்க முடியாது, வாடிய பூவிலிருந்து வழியும் சாறு மேசை விரிப்பில் கறையாகும். வீட்டு ஜாடிக்கு வைத்துக்கொள்ளலாம். மெல்லிய தண்டும் சிறு பூவும் கொண்ட ‘குறு நெட்டை’ வகுப்பு ஒன்று உண்டு. அதற்கு ‘மேசை ஐரிஸ்’ என்றே இன்னொரு பெயர் இருக்கிறது. ஜாடியில் அழகாக அமர்வது அதுதான்.

ஈரம் விரும்பும் வகைகள்

சைபீரிய ஐரிஸ் 60 முதல் 90 செ.மீ. உயரம் வளரும். புல் போன்ற இலை. குளிர் நாடுகளில் இதைவிடத் தொந்தரவில்லாத செடியைச் சொல்வது கடினம். 1930களிலிருந்து இன்றுவரை விற்பனையில் உள்ள அடர் ஊதா ‘சீசர்ஸ் பிரதர்’, வெள்ளையும் மஞ்சளுமான ‘பட்டர் அண்ட் சுகர்’ இரண்டும் நல்ல தொடக்கம். நட்ட முதல் ஆண்டில் பூவை எதிர்பார்க்காதீர்கள். வேர் பிடித்துக்கொள்ளவே ஓர் ஆண்டு போகும்.

லூசியானா ஐரிஸ் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையின் சதுப்புகளிலிருந்து வந்தது. வெப்பம் மிகுந்த, உறைபனி இல்லாத இடங்களில் ஐரிஸ் வேண்டுமென்றால் முதலில் முயல வேண்டியது இதைத்தான். ஐரிஸ்களில் சிவப்புக்கு மிக அருகில் வருவதும் இதுவே. ஃபுல்வா என்ற செம்புநிறச் சிற்றினத்தின் வழிவந்த நிறம் அது. கறுப்பு போலத் தோன்றும் ஊதா ‘பிளாக் கேம்காக்’ எளிதாக வளரும் ரகம்.

ஜப்பானிய ஐரிஸ் எல்லாவற்றுக்கும் கடைசியில் பூக்கும். தட்டு போல விரியும் பூ. எடோ, ஹிகோ, இசே என்று மூன்று மரபுகள் உண்டு. அமில மண், நிறைய உரம், பூக்கும்வரை குறையாத ஈரம் மூன்றும் தர முடிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஸ்பூரியா ஐரிஸ் ஒரு மீட்டருக்கு மேல் உயரும். விறைப்பான தண்டு, ஜாடியில் நன்றாகத் தாங்கும் பூ. வசந்தத்தில் ஈரம் கேட்டாலும் கோடையில் மண் காய்ந்திருக்க வேண்டும். இடம் மாற்றினால் ஓரிரு ஆண்டு பூக்காமல் கோபித்துக்கொள்ளும் என்பதால், நடும் இடத்தை யோசித்து முடிவுசெய்யுங்கள்.

குளத்துக்குப் பொருத்தம் என்று விற்கப்படும் ‘யெல்லோ ஃப்ளாக்’ என்ற மஞ்சள் ஐரிஸைத் தவிர்த்துவிடுங்கள். விதையாலும் கிழங்காலும் நீரோட்டத்தோடு பரவி ஆற்றங்கரைகளை அடைத்துவிடுவதால் பல இடங்களில் அது தடைசெய்யப்பட்ட களை.

டச்சு ஐரிஸ்

பூக்கடையில் நீங்கள் பார்க்கும் நீல ஐரிஸ் பெரும்பாலும் இதுதான். குமிழ் வகை. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கச் சிற்றினங்களைக் கலந்து நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டது. 50 முதல் 65 செ.மீ. நேர்த்தண்டு, உச்சியில் ஒரு பூ, அதே உறைக்குள் பெரும்பாலும் இரண்டாவது மொட்டு. ‘புளூ மேஜிக்’, ‘புரொபசர் பிளாவ்’, ‘டெல்ஸ்டார்’ நீல ஊதா ரகங்கள். வெள்ளைக்குக் ‘காசாபிளாங்கா’. கொய்மலர் நோக்கமென்றால் வேறெதையும் தேடாமல் இதிலேயே தொடங்குங்கள்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

கிழங்கை அழுத்தினால் உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்ற இடம், கெட்ட நாற்றம், துளை இருந்தால் வேண்டாம். தாடி ஐரிஸ் கிழங்கு பையில் சில வாரங்கள் உலர்ந்து கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். சைபீரிய, லூசியானா, ஜப்பானிய வகைகள் வேர் காய்ந்தால் தேறுவது கடினம். ஈரத் தாளில் சுற்றியோ தொட்டியிலோ வந்தவற்றை மட்டும் வாங்கி, நடுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் வேரை ஊறவிடுங்கள்.

டச்சுக் குமிழில் சுற்றளவுதான் எல்லாம். 8-9, 9-10, 10க்கு மேல் என்று செ.மீட்டரில் தரம் பிரித்து விற்பார்கள். 9-10 அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். குமிழ் சிறுத்தால் செடி மூன்று இலை விட்டு அதோடு நின்றுவிடும். பூ இல்லாத டச்சு ஐரிஸின் அடையாளமே அந்த மூன்று இலைதான்.

தாடி ஐரிஸ் நடும் முறை

காலம்: கோடை முடியும்போது, முதல் உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன். அதற்குப் பிந்தினால் வேர் பிடிக்காத கிழங்கைக் குளிரில் உறைந்து இளகும் மண் வெளியே தள்ளிவிடும்.

1. மண்ணை 25 செ.மீ. ஆழத்துக்குக் கிளறுங்கள். மக்கிய உரம் மெல்லிய அடுக்காகப் போதும். பச்சைச் சாணமும் மக்காத குப்பையும் வேண்டவே வேண்டாம்; அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

2. இலை விசிறியை 15 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். வேர் பிடிக்காத செடிக்கு முழு இலையைத் தாங்க நீர் கிடைக்காது, காற்றிலும் சாய்ந்துவிடும்.

3. 12 செ.மீ. ஆழக் குழி எடுத்து, நடுவில் மண்ணைக் குவித்துச் சிறு வரப்பு செய்யுங்கள். கிழங்கை வரப்பின் மேல் படுக்கவைத்து, வேர்களை இரு பக்கமும் சரிவில் விரித்துவிடுங்கள்.

4. மண்ணை மூடி அழுத்துங்கள். முடிக்கும்போது கிழங்கின் மேற்பரப்பு மண்மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். கோடை வெயில் சுட்டெரிக்கும் இடமானால் 1 அல்லது 2 செ.மீ. மண் மேலே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

5. நெட்டை வகைக்கு 40 செ.மீ., குள்ளத்துக்கு 20 செ.மீ. இடைவெளி. கிழங்கு இலை விசிறி இருக்கும் பக்கமாகவே முன்னேறி வளரும். மூன்று கிழங்குகளை முக்கோணமாக வைத்து விசிறிகளை வெளிப்பக்கம் திருப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

6. ஒருமுறை நன்றாக நீர் விடுங்கள். பிறகு புது இலை நடுவில் எட்டிப்பார்க்கும் வரை மேல்மண் 5 செ.மீ. காய்ந்த பின்னரே அடுத்த தண்ணீர்.

மூடாக்கு போடாதீர்கள். பிற செடிகளுக்கு நல்லது செய்யும் வைக்கோலும் மரப்பட்டையும் இங்கே கிழங்கின் முதுகை நனைத்து வைத்துக் கெடுக்கும்.

ஈர வகைகளை நடும்போது

இங்கே எல்லாம் தலைகீழ். கிழங்கு மண்ணுக்குள் மூடப்பட வேண்டும்: லூசியானாவுக்கு 2, 3 செ.மீ.; சைபீரியத்துக்கு 3 முதல் 5; ஜப்பானியத்துக்கு 5 முதல் 7. ஜப்பானிய ஐரிஸ் ஆண்டுதோறும் பழைய கிழங்கின் மேலேயே புதியதை உருவாக்கி மேலேறி வரும். ஆழமாக நடாவிட்டால் இரண்டே ஆண்டில் வெளியே வந்துவிடும்.

மக்கிய உரம் தாராளமாகச் சேர்த்து, மேலே 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு போடுங்கள். லூசியானா கிழங்கு வெயிலில் வெந்துபோகக்கூடியது, ஆகவே மூடாக்கு அதற்குக் கட்டாயம். தொட்டியில் வளர்த்தால் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துவிடலாம். சைபீரியத்தை மட்டும் நிரந்தரமாக நீரில் நிறுத்த வேண்டாம், ஈரமண் போதும்.

டச்சுக் குமிழ்: ஜாடிக்கென்றே ஒரு பாத்தி

இலையுதிர் காலத்தில் 10 முதல் 12 செ.மீ. ஆழத்தில், கூர்முனை மேலே இருக்க நடுங்கள். 10 செ.மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 100 குமிழ், அதாவது ஏறத்தாழ 100 தண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் 10, 14 நாள் இடைவெளியில் மூன்று தவணையாக நட்டால் பூவும் தவணையாக வர வாய்ப்புண்டு. வெளியில் குளிர் நீண்டால் தவணைகள் நெருங்கிவிடும்.

குளிர் குறைந்த இடத்தில் குமிழை 6 முதல் 8 வாரம் 9 டிகிரிக்கு அருகில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், காகிதப் பையில் வைத்து, மண் குளிர்ந்த பிறகு நடுங்கள். வணிக வளர்ப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: தோண்டிய குமிழை 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, எத்திலீன் வாயு காட்டி, அதன்பின் குளிரூட்டுகிறார்கள். பூக்கும் குமிழ்களின் பங்கும் ஒரே நேரத்தில் பூக்கும் சீரும் இதனால் கூடும். ‘பதப்படுத்திய குமிழ்’ என்று விற்கப்படுவதை வாங்கினால் உடனே நட்டுவிடுங்கள். அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் பெற்ற குளிர் வீணாகும்.

டச்சு ஐரிஸில் மனத்தை உடைக்கும் விஷயம் மொட்டுக் கருகல். தண்டு வந்திருக்கும், உறையைப் பிரித்தால் உள்ளே காகிதம் போலக் காய்ந்த மொட்டு. வெளிச்சம் போதாமை, 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம், தண்டு நீளும் வாரங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு இவையே காரணம். குளிர்ந்த, வெளிச்சமான இடம் கொடுத்து மண்ணைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தண்டு முழு உயரம் வந்த பிறகு எதைச் செய்தும் அந்த மொட்டை மீட்க முடியாது.

குமிழை அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்த நினைத்தால் இலைகளை விட்டு மேலே தண்டை மட்டும் வெட்டி, இலை தானாகக் காயும் வரை காத்திருங்கள். பூத்த செடியின் தாய்க்குமிழ் கரைந்து, பக்கத்தில் சப்பையான சில குமிழ்கள் உருவாகியிருக்கும். அவற்றில் பெரியதே பூக்கும். வெப்பமான இடங்களில் ஆண்டுதோறும் புதுக் குமிழ் வாங்குவதே நடைமுறை.

வெட்டும் நேரம்

அதிகாலையில் வெட்டுங்கள். வாளியில் சுத்தமான தண்ணீரோடு பாத்திக்குப் போங்கள்.

டச்சு ஐரிஸை மொட்டு நிலையிலேயே, உறையின் நுனியிலிருந்து நிறம் பென்சில் கூர் போல 2, 3 செ.மீ. வெளியே தெரியும்போது வெட்ட வேண்டும். வெப்ப நாட்களில் இதைவிடச் சற்று இறுக்கமாகவும் வெட்டலாம். மங்கிய வெளிச்சமும் குளிருமான காலத்தில் இதழ் லேசாகப் பிரியத் தொடங்கும்வரை பொறுங்கள். அப்போது இறுக்கமாக வெட்டியவை ஜாடியில் திறக்காமலே போகும். உலர வைத்துச் சேமித்தால் திறக்கும் வலு குறையும். சேமிக்க வேண்டியிருந்தால் தண்ணீரில் நிறுத்தி, 0 முதல் 2 டிகிரியில், இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுத்துவிடுங்கள். ஜாடியில் 3 முதல் 6 நாள் நிற்கும்.

தாடி வகையில் உச்சி மொட்டு உப்பி, மறுநாள் விரியும் நிலையில் வெட்டுங்கள். ஒரு பூ 2, 3 நாள்தான். ஆனால் தண்டிலுள்ள மற்ற மொட்டுகள் வரிசையாகத் திறக்கும், வாடியதைக் கிள்ளிவிட்டால் ஒரு வாரம் ஓட்டலாம். சைபீரியம், ஸ்பூரியா, ஜப்பானியம் மூன்றையும் மொட்டில் முழு நிறம் ஏறியதும் எடுங்கள். வெட்டியதும் அடித்தண்டில் 2 செ.மீ. மறுபடி நறுக்கி, குளிர்ந்த இருட்டில் சில மணி நேரம் ஆழ்ந்த நீரில் வைத்த பிறகே ஜாடிக்கு மாற்றுங்கள்.

உரமும் பிரித்து நடுதலும்

தாடி வகைக்குத் தழைச்சத்து குறைந்த உரம், உதாரணமாக 5-10-10 (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து விகிதம்), பூக்கும் காலத்துக்கு 6 வாரம் முன் ஒரு தூருக்கு ஒரு கைப்பிடி, கிழங்கின் மேல் படாமல் சுற்றி. பூத்து ஒரு மாதம் கழித்து அதில் பாதி. புல்வெளி உரம் தெறித்து விழுந்தால்கூட இலை கொழுத்து, கிழங்கு இளகி, அழுகல் வந்துவிடும். ஜப்பானியமும் லூசியானாவும் நேர் எதிர், அவை பெருந்தீனிக்காரர்கள்.

தாடி ஐரிஸில் ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். அதன் பக்கங்களில் முளைத்த இளங்கிழங்குகளே அடுத்த பூவைத் தரும். இது தெரிந்தால் பிரித்து நடுவது எளிதாகிவிடும். 3, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து 6 வாரம் கழித்து, தூரைக் கவைக்கோலால் கிளப்பிக் கழுவுங்கள். இலையற்ற பழைய தாய்க்கிழங்கை எறியுங்கள். நல்ல விசிறியும் தடித்த வேரும் உள்ள இளங்கிழங்குகளை வெட்டியெடுத்து, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து நடுங்கள். சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையுறை போடுங்கள். கிழங்கைத் தின்றால் நாய், பூனைக்குக் கேடு. வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள்.

பச்சையாக இருக்கும் இலையை அழகுக்காகக் கோடையில் கத்தரிப்பது பரவலான தவறு. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் சமைக்கிறது. காய்ந்ததை மட்டும் உருவியெடுங்கள்.

கோளாறு வந்தால்

பூக்கவில்லையென்றால் இந்த வரிசையில் சோதியுங்கள்: கிழங்கு ஆழத்தில் புதைந்திருக்கிறதா, நிழல் வளர்ந்துவிட்டதா, தூர் நெரிசலா, தழைச்சத்து மிகுந்ததா, குளிர் போதவில்லையா. முதல் மூன்றிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

விசிறி சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் பொறுக்க முடியாத நாற்றம் அடித்தால் அது பாக்டீரிய மென்னழுகல். கிழங்கைத் தோண்டி, கூழானதைக் கரண்டியால் சுரண்டி, கெட்டியான வெள்ளைச் சதை வரும் வரை போங்கள். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து வேறிடத்தில் நடுங்கள். கத்தியையும் அதே கரைசலில் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் நனையுங்கள்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்த அழுகலுக்கு வழி திறப்பது ஐரிஸ் துளைப்பான் புழு. குளிர்காலத்தில் காய்ந்த இலைகளில் முட்டையாக இருந்து, வசந்தத்தில் பொரித்து, இலைக்குள் நுழைந்து, கீழிறங்கிக் கிழங்கைக் குடையும். இலையோரம் ரம்பப்பல் போலக் கடிபட்டிருந்தாலோ ஈரக் கோடு தெரிந்தாலோ அந்த இடத்தை விரலால் நசுக்குங்கள், புழு உள்ளேயே செத்துவிடும். குளிர்காலம் முடிவதற்குள் பழைய இலைகளை எல்லாம் அகற்றி எரித்துவிட்டால் முட்டையும் போய்விடும். பழுப்புப் புள்ளி விழவைக்கும் இலைப்புள்ளிப் பூஞ்சையும் அதோடு குறையும்.

இலையிலும் பூவிலும் ஒழுங்கற்ற வெளிர் கோடுகள் தோன்றினால் வைரஸ். மருந்து கிடையாது. அசுவினி ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். டச்சு ஐரிஸ் பாத்தியில் அப்படி ஒரு செடியைக் கண்டால் குமிழோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் சேர்க்க வேண்டாம். அடுத்த ஆண்டு அந்தப் பாத்தியில் வேறு பயிரை வைத்து, ஐரிஸைத் தள்ளி நடுங்கள்.